வெளிநாட்டில் வீடு: விலை பேசுவதற்கு முன் வில்லங்கம் பாருங்கள்

(வெளிநாட்டில் பணிபுரிவோருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்குமான வழிகாட்டுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம ஊரில் மூன்று சென்ட் மனை வாங்கணும்னா என்ன செய்வோம்? தாய்ப்பத்திரத்தைக் கேட்போம். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். பட்டா யார் பேரில் இருக்கு, பாதை இருக்கா, மழை பெய்தால் தண்ணி நிக்குமா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை விசாரிப்போம். இப்போது இதில் பாதி வேலை கைபேசியிலேயே முடிந்துவிடுகிறது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். பட்டா, சிட்டாவும் இணையத்திலேயே பார்க்கலாம்.

அதே ஆள் துபாயில் வீடு வாங்குகிறார் என்று வையுங்கள். நட்சத்திர ஓட்டலில் வீட்டு விற்பனைக் கண்காட்சி நடக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கட்டடம் வைத்திருப்பார்கள். நல்ல காபி கிடைக்கும். "சார், இன்னைக்கு புக் பண்ணினா மட்டும்தான் இந்த விலை" என்று ஒரு தம்பி சிரித்துக்கொண்டே சொல்வார். உடனே கார்டைத் தேய்த்துவிடுவார்கள். ஊரில் மூணு சென்டுக்கு மூணு மாசம் அலைஞ்சவர், அங்கே ஒரு கோடி ரூபாய்க்கு மூணு மணி நேரம்கூட எடுத்துக்கொள்வதில்லை.

இன்று நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான். வில்லங்கம் பார்க்கிற நம்ம பழக்கத்தை விமான நிலையத்தில் விட்டுட்டுப் போகாதீங்க. வெளிநாட்டிலும் பார்க்கலாம், அதுவும் கைபேசியிலேயே பார்க்கலாம். எதைப் பார்க்கணும் என்று தெரிந்தால் போதும்.

நம் மக்கள் நிறையப் பேர் இருக்கிற ஊர் என்பதால் துபாயை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாட்டு விதி இன்னொரு நாட்டுக்கு உதவாது. சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் முதல், நிரந்தரவாசி அல்லாத ஓர் இந்தியர் வீடு வாங்கினால் விலையில் 60 சதவீதம் கூடுதல் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டை அவர் வாங்கவே முடியாது. துபாயிலோ அப்படிப்பட்ட தடை இல்லை. அதனால் எந்த நாடாக இருந்தாலும் பதிலை மாற்றிக்கொள்ளுங்கள், கேள்விகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேள்விகள் ஐந்து.

1. நான் வாங்குவது என்ன உரிமை?

வெளிநாட்டவர் முழு உரிமையோடு வீடு வாங்கும் வழி துபாயில் 2002-இல்தான் திறந்தது. 2006-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் சட்டம் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. ஆனால் எல்லா இடத்திலும் வாங்க முடியாது. அரசு அறிவித்த பகுதிகளில் மட்டும்தான். துபாய் மெரினா, பாம் ஜுமைரா, இன்டர்நேஷனல் சிட்டி, டிஸ்கவரி கார்டன்ஸ், ஜுமைரா வில்லேஜ் சர்க்கிள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம்ம ஆட்கள் காலம்காலமாக வாழ்கிற கராமா, தேரா, சத்வா பக்கம் பெரும்பாலும் வாடகைக்குத்தான் இருக்க முடியும். ஷார்ஜாவுக்கும் அபுதாபிக்கும் சட்டம் வேறு.

'ஃப்ரீஹோல்ட்' என்றால் வீடு முழுசா உங்கள் பேருக்கு வரும். விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். நீண்டகாலக் குத்தகை என்றால் காலம் முடிந்ததும் உரிமையும் முடியும். இரண்டையும் ஒரே மாதிரி வண்ணத்தாளில்தான் அச்சடிக்கிறார்கள். எந்த உரிமை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. வீடு வேறு, விசா வேறு. 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள வீடு இருந்தால் பத்து வருஷத் தங்க விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. வீடு வாங்கினால் குடியுரிமை கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

2. விற்கிறவர் யார்?

"நம்ம ஊர்க்காரர், தங்கமான மனுஷன்" என்று சொல்வார்கள். இருக்கட்டும். அவருக்கு உரிமம் இருக்கா என்று பாருங்கள். துபாயில் ஒவ்வொரு வீட்டுத் தரகருக்கும் பதிவு எண் உண்டு. துபாய் நிலத் துறையின் 'துபாய் ரெஸ்ட்' செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். வீட்டு விளம்பரம் போடவே அனுமதி எண் வேண்டும். இணைய விளம்பரத்தில் இருக்கும் கியூ.ஆர். குறியைக் கைபேசியால் படம் பிடித்தால் அந்த வீட்டின் விவரம் அரசுப் பதிவில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

விற்பவர் காட்டுகிற உரிமைப் பத்திரம் உண்மையானதா என்பதையும் அதே செயலியில் பார்க்கலாம். நம்ம ஊர் வில்லங்கச் சான்று மாதிரி, வீட்டின் மேல் கடன் இருக்கிறதா என்பதையும் பதிவேட்டின் வழியே உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு கட்டட நிறுவனத்தின் தடையில்லாச் சான்று. பழைய பராமரிப்புக் கட்டணம் பாக்கியிருந்தால் அதைத் தீர்க்காமல் இந்தச் சான்று வராது. இது இல்லாமல் பெயர் மாற்றமும் நடக்காது.

வீட்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறாரா? இதைப் பலர் கேட்பதே இல்லை. துபாய்ச் சட்டப்படி, நாமே குடியேறுவதற்காக வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்வதானால், நோட்டரி மூலமோ பதிவுத் தபாலிலோ 12 மாதம் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். "அடுத்த மாசம் பால் காய்ச்சிடலாம்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டி வரும். அதுவரை உங்கள் வாடகையும் ஓடும், வங்கித் தவணையும் ஓடும்.

3. என் பணம் யார் கணக்குக்குப் போகிறது?

இதுதான் உயிர்க் கேள்வி.

2008-ஆம் ஆண்டு உலகப் பொருளாதாரம் சரிந்தபோது துபாயில் பல கட்டடங்கள் பாதியில் நின்றன. சில திட்டங்கள் தொடங்காமலே ரத்தாயின. பணம் கட்டியவர்கள் தவித்துப் போனார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்னாடியே, 2007-இல், காப்புக் கணக்குச் சட்டம் வந்திருந்தது. அதாவது, கட்டி முடிக்காத வீட்டை விற்கிற நிறுவனம், வாங்குபவரின் பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் போட்டுக்கொள்ள முடியாது. அந்தத் திட்டத்துக்கென்றே வங்கியில் உள்ள தனிக் கணக்கில்தான் போட வேண்டும். கட்டட வேலை நடக்க நடக்கத்தான் அதிலிருந்து பணம் எடுக்க முடியும். இதை 'எஸ்க்ரோ' கணக்கு என்கிறார்கள்.

ஆக, கட்டிக்கொண்டிருக்கிற வீடு என்றால் நீங்கள் செய்ய வேண்டியது மூன்று. திட்டம் பதிவானதா, வேலை எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று செயலியில் பாருங்கள். காசோலையையோ பணப் பரிமாற்றத்தையோ அந்தத் திட்டத்தின் எஸ்க்ரோ கணக்கின் பெயருக்கே செய்யுங்கள். உங்கள் பெயரில் 'ஊகூத்' எனப்படும் முன்பதிவு நிலத் துறையில் ஏறிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். தரகரின் சொந்தக் கணக்குக்கு ஒரு திர்ஹாம்கூடப் போகக் கூடாது. "இப்போ டோக்கன் மட்டும் என் கணக்குல போடுங்க சார்" என்றால், அங்கேயே நிறுத்துங்கள்.

கட்டி முடித்த வீடு என்றால், இருதரப்பும் 'ஃபார்ம் எஃப்' என்ற அரசுப் படிவத்தில் ஒப்பந்தம் போடுவார்கள். வழக்கமாக விலையில் 10 சதவீதத்துக்கு முன்பணக் காசோலை கேட்பார்கள். வங்கி கடன் தர மறுத்தால் அந்தக் காசோலை திரும்பி வருமா? ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால்தான் வரும். அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

4. மொத்தச் செலவு எவ்வளவு? எனக்கு வேலை போனால் என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டின் விலை 10 லட்சம் திர்ஹாம் என்று வையுங்கள். வெளிநாட்டவரின் முதல் வீட்டுக்கு, விலை 50 லட்சம் திர்ஹாம்வரை என்றால், வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் கடன் தரலாம். மீதி 2 லட்சம் கையிலிருந்து வரணும். நிலத் துறைக்கு 4 சதவீதம், அதாவது 40,000. இதை நடைமுறையில் வாங்குபவரே கட்டுகிறார். தரகருக்கு வழக்கமாக 2 சதவீதம், அதற்கு வரி சேர்த்து 21,000. பதிவு அலுவலகக் கட்டணம் வரியுடன் 4,200. கடன் பதிவுக்குக் கடன் தொகையில் கால் சதவீதம், அதாவது 2,000. வங்கியின் நடைமுறைக் கட்டணமும் மதிப்பீட்டுக் கட்டணமும் தனி. ஆக, விலைக்கு மேல் 70,000 திர்ஹாமுக்குக் குறையாமல் எடுத்து வைக்க வேண்டும். ரெண்டு லட்சம் கையில் இருந்தால் போதும் என்று இறங்கினால், பாதி வழியில் கைமாற்றுக்கு அலைய வேண்டியதுதான்.

இப்போது தவணை. 8 லட்சம் கடன், 25 வருஷம், வட்டி 4.5 சதவீதம் என்றால் மாதம் சுமார் 4,450 திர்ஹாம். முதல் சில வருஷம்தான் நிலையான வட்டி. அதன் பிறகு ஏறும், இறங்கும். அதே கடனுக்கு வட்டி 6.5 சதவீதம் ஆனால் தவணை சுமார் 5,400. இந்த இரண்டாவது தொகையை உங்கள் சம்பளம் தாங்குமா என்று பாருங்கள். முதல் தொகையைக் காட்டித்தான் எல்லோரும் விற்பார்கள்.

பராமரிப்புக் கட்டணத்தையும் மறக்காதீங்க. சதுர அடிக் கணக்கில் வருஷா வருஷம் கட்டணும். சதுர அடிக்கு 15 திர்ஹாம் என்றால் 800 சதுர அடி வீட்டுக்கு வருஷம் 12,000. சில கட்டடங்களில் குளிர்சாதனத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. நிச்சயம் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், வேலை. அங்கே வேலை போனால் வேலை விசா போகும். வீடு போகாது, உங்கள் பேரில்தான் இருக்கும். ஆனால் தவணையும் நிக்காது. அதனால் ஆறு மாதத் தவணைக்குக் குறையாமல் தனியாகப் பணம் ஒதுக்கிய பிறகே வீட்டில் கைவையுங்கள். ரெண்டு மூணு வருஷத்தில் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால், வாடகை வீடே நல்லது. வாங்குகிற செலவையும் விற்கிற செலவையும் ஈடுகட்டவே சில வருஷம் வேண்டும்.

5. நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

அங்கே சம்பாதித்த பணத்தில் அங்கேயே வாங்கினால் சிக்கல் குறைவு. ஊர் திரும்பிய பிறகும் அந்த வீட்டை வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது.

இங்கிருந்து பணம் அனுப்பி வாங்குவதாக இருந்தால், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர்வரை அனுப்பலாம். அதை வங்கி வழியே, பான் எண்ணோடு, என்ன காரணத்துக்கு என்று எழுதித்தான் அனுப்ப வேண்டும். வீடு வாங்க அனுப்பும் தொகை வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடித்து வைக்கும். வருமான வரிக் கணக்கில் இதைச் சரிக்கட்டலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. கண்காட்சியில் இந்தியக் கிரெடிட் கார்டைத் தேய்த்து முன்பணம் கட்டுவது இதற்கான வழி இல்லை. உண்டியலில் அனுப்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது குற்றம். அப்படிப் போன பணத்துக்கு ரசீது கிடையாது, நாளைக்கு வீட்டை விற்று நேர்வழியில் பணத்தைக் கொண்டுவரவும் முடியாது.

ஊர் திரும்பியவர்கள் இன்னொன்றைக் கவனிக்கணும். வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவர் என்ற நிலை முழுமையாக வந்தபின், துபாய் வீட்டை வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். அங்கே தனிநபர் வருமான வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நினைக்காதீர்கள். வாடகை வருமானத்துக்கு இங்கே வரி உண்டு. காட்டாமல் விட்டால், 2015-ஆம் ஆண்டின் கருப்புப் பணத் தடுப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. நேர்மையாகச் சம்பாதித்து வாங்கிய வீட்டுக்கு ஏன் அந்தத் தலைவலி? ஒரு பட்டயக் கணக்கரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

எனக்குப் பிறகு இது யாருக்கு?

ஐந்து கேள்வி என்று சொன்னேன். ஆறாவது ஒன்று இருக்கிறது. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அதனால் நான் கேட்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கணவர் துபாயில், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கும்பகோணம் பக்கம். அவர் அங்கே வீடு வாங்கியது மனைவிக்குத் தெரியும். எந்தக் கட்டடம், எந்த வங்கியில் கடன், பத்திரம் எங்கே என்பது தெரியாது. ஒருநாள் காலையில் மாரடைப்பு. நாற்பத்தாறு வயசு. காரியமெல்லாம் முடிந்தபின் அந்த அம்மா தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கினார். அதை மட்டும் வைத்துக்கொண்டு துபாயில் பெயர் மாற்ற முடியாது. அங்குள்ள நீதிமன்றத்தின் வாரிசு உத்தரவு வேண்டும். இதற்கிடையில் தவணை பாக்கி, பராமரிப்புக் கட்டணப் பாக்கி. வீடு கைக்கு வருவதற்குள் அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஐக்கிய அமீரகத்தில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கென்று ஒரு குடும்பச் சட்டம் 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் சொத்தில் பாதி கணவன் அல்லது மனைவிக்கும், மீதிப் பாதி ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகும். முஸ்லிம்களுக்கு ஷரீஅத் முறைப்படி பங்கு. உங்கள் விருப்பம் வேறு என்றால் உயில் எழுதிப் பதிவு செய்யலாம். துபாய் நீதிமன்ற நோட்டரியிடமும் செய்யலாம், துபாய் சர்வதேச நிதி மையத்தின் உயில் பதிவகத்திலும் செய்யலாம்.

வாங்கும்போதே மனைவி பெயரையும் சேர்ப்பது நல்லது. அவர் ஊரில் இருந்தால் அதிகாரப் பத்திரம் வேண்டும்; இங்கே நோட்டரியில் தொடங்கி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று சான்றொப்பம் வாங்கி, அங்கே அரபி மொழிபெயர்ப்பும் செய்ய வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதனால் வீடு பார்க்கத் தொடங்கும்போதே இந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள்.

இந்தக் கூட்டத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களைவிட, அவர்களை அனுப்பிவிட்டு இங்கே இருப்பவர்கள்தான் அதிகம் என்று பார்த்தாலே தெரிகிறது. உங்களுக்குத்தான் இந்தக் கடைசி வார்த்தை. இன்று ராத்திரி போன் வரும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். பத்திரத்தின் படம், கடன் எண், காப்பீட்டு விவரம், கட்டடத்தின் பெயர், வீட்டு எண் எல்லாவற்றையும் வாங்கி உங்கள் கைபேசியிலும் ஒரு காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் அபசகுனம் என்று நினைக்காதீங்க. இது சந்தேகமும் இல்லை.

ஏதாவது சிக்கல் வந்தால் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் இந்தியர் உதவி மையத்தை அணுகலாம். இங்கே நம் அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை இருக்கிறது. பணம் கட்டிய பிறகு போய் நிற்பதைவிட, கட்டுவதற்கு முன்னால் கேட்பது எவ்வளவோ மேல்.

பாலைவனத்து வெயிலில் நின்று சம்பாதித்த காசு. ஊரில் மூணு சென்டுக்குக் கொடுத்த அந்த மூணு மாசத்தை இதற்கும் கொடுங்கள். "இன்னைக்கு மட்டும்தான் இந்த விலை" என்று சொல்பவரிடம், "வில்லங்கம் பார்த்துட்டு வர்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டு வாங்க.